நடக்காமல் போன ஒரு பந்தயம்

அன்புள்ள தம்பிக்கு,

"விளையாட்டை விளையாட்டாகவே விட்டுவிட மாட்டார்களா?" என்று கேட்டு எழுதியிருந்தாய். விடியுமுன் எழுந்து மைதானத்துக்கு ஓடுகிற உனக்கு இந்தக் கோபம் வருவது நியாயம்தான். ஆனாலும் அப்படி விட்டுவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

போட்டி வீரர்களுக்கிடையேதான், நாடுகளுக்கிடையே அல்ல என்று ஒலிம்பிக் சாசனம் சொல்கிறது. ஆனால் தொடக்க விழாவில் வீரர்கள் நாட்டுக் கொடியின் பின்னால்தான் அணிவகுக்கிறார்கள். தங்கம் வென்றால் நாட்டுப்பண் இசைக்கிறது. பந்தயத்தை நாடுகளின் பெயரால் நடத்திவிட்டு, நாடுகளின் சண்டையை மட்டும் வாசலிலேயே நிறுத்திவைக்க முடியுமா?

நீ 1500 மீட்டர் ஓடுகிறவன். அந்த ஓட்டத்தின் கதை ஒன்றையே சொல்கிறேன். 1974 பிப்ரவரியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் காமன்வெல்த் போட்டியின் 1500 மீட்டர் இறுதி ஓட்டம் நடந்தது. தான்சானியாவின் ஃபில்பர்ட் பாயி தொடக்கத்திலேயே முன்னால் பாய்ந்தார். கடைசிவரை ஒருவராலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. 3 நிமிடம் 32.2 விநாடி, புதிய உலக சாதனை. இரண்டாவதாக வந்த நியூசிலாந்தின் ஜான் வாக்கரும் பழைய சாதனையை முறியடித்திருந்தார். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் இருவரும் மறுபடி மோதுவதைக் காண ஓட்டப்பந்தய ரசிகர்கள் ஆவலோடு காத்திருந்தார்கள்.

அந்தப் பந்தயம் நடக்கவே இல்லை. அந்த ஆண்டு நியூசிலாந்து ரக்பி அணி தென்னாப்பிரிக்காவுக்குப் போய் ஆடியது. அங்கே அப்போது நிறவெறி ஆட்சி. நியூசிலாந்தை ஒலிம்பிக்கிலிருந்து விலக்குங்கள் என்று ஆப்பிரிக்க நாடுகள் கேட்டன. ரக்பி ஒலிம்பிக் விளையாட்டே அல்ல என்று சொல்லி ஒலிம்பிக் குழு மறுத்துவிட்டது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் மான்ட்ரியலைப் புறக்கணித்தன. தான்சானியாவும் அவற்றில் ஒன்று. வாக்கர் தங்கம் வென்றார். அந்தத் தங்கத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் பாயி களத்தில் இல்லை.

அரசியலைக் கொண்டுவந்து ஆட்டத்தைக் கெடுத்தது ஆப்பிரிக்க நாடுகள்தானே என்று நீ கேட்கலாம். கொஞ்சம் பின்னால் போய்ப் பார். கறுப்பின வீரன் எவ்வளவு வேகமாக ஓடினாலும், எவ்வளவு நன்றாக ஆடினாலும், தென்னாப்பிரிக்காவின் தேசிய அணியில் அவனுக்கு இடமில்லை. அணியைத் தேர்ந்தெடுத்தபோதே அரசியல் உள்ளே வந்துவிட்டது. அதைப் பார்த்தும் பேசாமல் இருந்தவர்கள், எதிர்ப்புக் குரல் எழுந்த பிறகுதான் "இங்கே அரசியல் வேண்டாம்" என்றார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

நம் ஊர்க்காரர்களும் இதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் சென்னைச் சகோதரர்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் ஆடிய இந்திய அணி, கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை வென்றது. அரையிறுதியில் சோவியத் யூனியனையும் வென்றது. இறுதிப் போட்டியில் எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறியை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது. ஒரு பந்துகூட அடிக்கப்படாமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. விஜய்க்கு அப்போது 20 வயது. 1987இல் அவர் ஆடிய அணி மறுபடி இறுதிக்கு வந்து ஸ்வீடனிடம் தோற்றது. டேவிஸ் கோப்பையை இந்தியா இன்றுவரை வென்றதில்லை. ஆனாலும் அன்றைய முடிவு சரியானது என்றே சொல்வேன். தோலின் நிறம் பார்த்து வீரரை ஒதுக்கிய களத்தில் கால் வைக்க மாட்டோம் என்பது விளையாட்டின் நியாயத்துக்காகவே எழுந்த குரல். நிறவெறிச் சட்டங்கள் நீக்கப்பட்ட பிறகு, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்கா திரும்ப வந்தது.

எல்லாப் புறக்கணிப்பையும் நான் இப்படி ஏற்பதில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து, அமெரிக்காவும் வேறு பல நாடுகளும் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குப் போகவில்லை. படையெடுப்பு கொடியதுதான். ஆனால் அந்தப் படை 1989 வரை அங்கேயே இருந்தது; வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கிற வாய்ப்பை இழந்தவர்கள் வீரர்கள்தான். ஹாக்கியில் மான்ட்ரியலில் பதக்கம் வென்ற நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான் மூன்றுமே மாஸ்கோவுக்கு வரவில்லை. ஆறே அணிகள் ஆடின. தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா இறுதியில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் பெற்றது. அவர்கள் வியர்வை சிந்தி வென்ற தங்கம் அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. வராத அணிகளோடு மோதி வெல்லும் வாய்ப்பு அவர்களுக்கு வாய்க்கவில்லையே என்றுதான் வருந்துகிறேன்.

அதே மாஸ்கோவில் பாயி 3000 மீட்டர் தடை ஓட்டத்தில் வெள்ளி வென்றார். இந்த முறை வாக்கர் அங்கே இல்லை. நியூசிலாந்திலிருந்து நான்கே வீரர்கள்தான் போயிருந்தார்கள்.

மாவட்டப் போட்டி முடிந்ததும் உன் நேரத்தை எழுது.

அன்புடன்,
அண்ணன்