மண்ணைக் கேட்டு உரம் போடுவோம்

பஞ்சாபில் நெல் அறுவடை முடிந்ததும் கோதுமை விதைப்பார்கள். விதைக்கும்போதே டி.ஏ.பி. உரமும் போடுவார்கள். பலர் கடன் வாங்கித்தான் உரம் வாங்குகிறார்கள். எத்தனை மூட்டை வாங்குவது? பக்கத்து வயல்காரரைப் பார்த்து வாங்கலாமா? கூடாது. அவர் மண் வேறு. நம் மண் வேறு.

டி.ஏ.பி. உரத்தில் மணிச்சத்து அதிகம். மணிச்சத்து வேரை வளர்க்கும். தூர் கட்டவும் மணி பிடிக்கவும் உதவும். அது குறைந்தால் பயிர் குட்டையாக நிற்கும். விளைச்சல் குறையும். தேவைக்கு மேல் போட்டால் பணம்தான் வீண்.

மண்ணில் மணிச்சத்து நிறைய இருக்கலாம். ஆனால் முழுவதும் பயிருக்குக் கிடைக்காது. பஞ்சாபின் மண் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. அதிலுள்ள சுண்ணாம்பு மணிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். பெட்டியில் பணம் இருக்கிறது, சாவி இல்லை. அதுபோலத்தான் இதுவும். பயிருக்குக் கிடைக்கும் அளவை மண் பரிசோதனைதான் சொல்லும்.

மண் எடுக்கும் முறை

1. உரம் போடுவதற்கு முன் மண் எடுக்க வேண்டும். ஏப்ரலில் கோதுமை அறுத்தபின் எடுத்தால், அடுத்த விதைப்புக்குள் முடிவு வந்துவிடும்.

2. ஒரு வயலில் 7, 8 இடங்களில் எடுங்கள். வரப்பு, வாய்க்கால், எருக்குழி, மரத்தடி ஆகிய இடங்களில் எடுக்காதீர்கள்.

3. மேலே உள்ள சருகை அகற்றுங்கள். அரை அடி ஆழம் குழி வெட்டுங்கள். குழியின் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு அங்குல கனத்தில் மண்ணைச் செதுக்குங்கள்.

4. எல்லா மண்ணையும் கலந்து நிழலில் உலர்த்துங்கள். அரை கிலோ மண்ணைச் சுத்தமான துணிப்பையில் போடுங்கள். உரச் சாக்கில் போடாதீர்கள்.

5. பெயர், ஊர், வயல் எண்ணைச் சீட்டில் எழுதிப் பையில் வையுங்கள்.

ஆய்வுக்கூடத்தில்

சமையல் சோடா தெரியுமல்லவா? அந்த உப்பின் கரைசலில் மண்ணைக் குலுக்கி வடிகட்டுவார்கள். பிறகு ஒரு மருந்து சேர்ப்பார்கள். நீல நிறம் வரும். நீலம் அதிகமானால் மணிச்சத்தும் அதிகம். 1954-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓல்சனும் அவருடன் பணி செய்தவர்களும் இந்த முறையை வெளியிட்டார்கள்.

அட்டையைப் படிப்போம்

2015-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசு மண்வள அட்டை தருகிறது. அதை நாமே படிக்கலாம். பஞ்சாபில் கணக்கு இதுதான். ஏக்கருக்கு 5 கிலோவுக்குக் கீழ் இருந்தால் குறைவு. 5 முதல் 9 கிலோ வரை நடுத்தரம். 9 கிலோவுக்கு மேல் அதிகம்.

நடுத்தர மண்ணுக்கு ஏக்கருக்கு 55 கிலோ டி.ஏ.பி. போதும். குறைவான மண்ணுக்குக் கூட்ட வேண்டும். அதிகமான மண்ணுக்குக் குறைக்கலாம். எவ்வளவு என்று வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள்.

ஒன்று கவனியுங்கள். அட்டையில் எக்டேர் கணக்கு இருக்கும். 1 எக்டேர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர். அட்டையில் 30 கிலோ என்று இருந்தால், ஏக்கருக்கு 12 கிலோ. அது அதிகம். அந்த வயலுக்கு உரத்தைக் குறைக்கலாம். செலவு மிச்சம்.

கணக்குப் போடுங்கள்

அட்டையில் எக்டேருக்கு 10 கிலோ என்று இருக்கிறது. ஏக்கருக்கு எத்தனை கிலோ? அந்த மண்ணில் மணிச்சத்து குறைவா, நடுத்தரமா, அதிகமா?