வீட்டுக் குழாய் நீரில் புளோரைடும் நைட்ரேட்டும்

ஆத்தூர் வட்டாரத்தில் தண்ணீரை நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். நாவில் பட்ட சுவை, பருப்பு வேகும் விதம், சோப்பு நுரைக்கும் அளவு ஆகியவற்றைக் கொண்டு இப்படிப் பிரிக்கிறோம். உப்பையும் கடினத்தன்மையையும் அறிய இது ஓரளவு உதவும். ஆனால் உடலுக்குக் கேடு செய்யும் புளோரைடும் நைட்ரேட்டும் கிணற்று நீரில் நிறமோ மணமோ சுவையோ காட்டுவதில்லை.

ஆத்தூர் நகருக்கு மேட்டூரிலிருந்து காவிரி நீர் வருகிறது. எனினும் காட்டுக்கொட்டாய்களில் குடியிருக்கும் உழவர் குடும்பங்கள் பலவற்றில், பயிருக்குப் பாயும் கிணற்று நீரே மேல்தொட்டிக்கு ஏறி வீட்டுக் குழாயிலும் வருகிறது. ஆகவே கிணற்று நீரின் தரம் குடும்ப நலத்தைப் பொறுத்த செய்தியாகும்.

புளோரைடு: பாறை தருவது

இப்பகுதியின் அடியில் உள்ள நைஸ், சார்னகைட் போன்ற கடினப் பாறைகளில் புளோரைடு அடங்கிய கனிமங்கள் உண்டு. பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கும் நீரில் இவை கரைகின்றன. சுண்ணாம்புச் சத்து குறைந்து காரத்தன்மை மிகுந்த நீரில் இது கூடுதலாகக் கரையும்.

எட்டு வயதுக்குள், பற்கள் உருவாகும் பருவத்தில், புளோரைடு மிகுந்த நீரைக் குடித்தால் பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கோடுகளும் தோன்றும். இவை தேய்த்தால் போகா. பல ஆண்டுகள் தொடர்ந்து மிகுதியாக உட்கொண்டால் மூட்டுவலி, முதுகு விறைப்பு, எலும்பு வளைவு ஆகியவை ஏற்படலாம்.

சென்னை மாகாணத்தில் இந்நோய் பற்றிய மருத்துவ ஆய்வுக் கட்டுரை 1937ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதன் பாதிப்பைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது.

நைட்ரேட்: நாம் தருவது

வயலில் இடும் யூரியா மண்ணில் முதலில் அம்மோனியமாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. அம்மோனியத்தை மண் துகள்கள் பிடித்து வைக்கும். நைட்ரேட்டைப் பிடித்து வைப்பதில்லை. பயிர் எடுத்தது போக எஞ்சியது பாசன நீரோடும் மழையோடும் கீழிறங்கிக் கிணற்றைச் சேரும். எருக்குழி, மாட்டுத்தொழுவம், கழிவறைக் குழி ஆகியவற்றிலிருந்தும் நைட்ரேட் இறங்கும்.

இதனால் பெரிதும் தாக்கப்படுவது ஆறு மாதத்திற்கு உட்பட்ட கைக்குழந்தை. குழந்தையின் வயிற்றில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் குறைத்து விடுகிறது. உதடும் நகமும் நீலம் பாய்ந்து மூச்சுத் திணறும். உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லாவிடில் உயிருக்கே ஆபத்து. கிணற்று நீரில் பால்மாவு கரைத்துப் புட்டியில் கொடுப்பதே பெரும்பாலும் காரணமாகிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுப்பது சிறந்த காப்பு.

அளவு என்ன?

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி, ஒரு லிட்டரில் புளோரைடு 1.0 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம். நைட்ரேட்டுக்கு வரம்பு 45 மில்லிகிராம். இதில் தளர்வு இல்லை.

காய்ச்சினால் போகுமா?

போகாது. காய்ச்சுவதால் நோய்க்கிருமிகள் சாகும். கரைந்த உப்புகள் அப்படியே தங்கும். லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் புளோரைடு உள்ள 10 லிட்டர் நீரைக் காய்ச்சி 8 லிட்டராக வற்றச் செய்தால், அளவு 1.5 ஆக உயரும். துணியில் வடிகட்டுவதும் குளோரின் இடுவதும் இவ்விரண்டையும் நீக்கா.

நீர் மாதிரி எடுக்கும் முறை

1. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட விட்ட பின் மாதிரி எடுக்கவும்.
2. சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே நீரில் மூன்று முறை அலசி, இரண்டு லிட்டர் நிரப்பி மூடவும்.
3. ஊர், கிணற்றின் வகை, ஆழம், தேதி எழுதி ஒட்டி, அன்றே தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கவும். பாசனத்துக்கான பரிசோதனை மட்டும் போதாது. 'குடிநீருக்கு' எனக் கேட்கவும்.
4. கோடையில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒரு முறையும் சோதிப்பது நலம்.

உழவர்கள் செய்ய வேண்டியவை

- மண் பரிசோதனைப்படி உரமிடுக. இறவைக் குச்சிக்கிழங்குக்குப் பொதுப் பரிந்துரை எக்டருக்கு 90 கிலோ தழைச்சத்து. இதில் பாதியை அடியுரமாகவும், மீதியை 90ஆம் நாளிலும் இடவும். யூரியாவாக மட்டும் இட்டால் ஏக்கருக்குத் தவணைக்குச் சுமார் 40 கிலோ போதும். டி.ஏ.பி., கலப்பு உரம் இட்டால் அதற்கேற்பக் குறைக்கவும்.
- உரமிட்டவுடன் மிகையாக நீர் பாய்ச்ச வேண்டாம்.
- எருக்குழியும் கழிவறைக் குழியும் கிணற்றிலிருந்து 50 அடிக்கு மேல் தள்ளி, தாழ்வான பக்கம் இருக்கட்டும்.
- குடிக்கவும் சமைக்கவும் மழைநீரைச் சேமிக்கவும். 40 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,000 லிட்டர் கிடைக்கும். சேதாரம் ஐந்தில் ஒரு பங்கு போக எஞ்சும் 3,200 லிட்டர், நாளொன்றுக்கு 25 லிட்டர் செலவிடும் குடும்பத்துக்கு நான்கு மாதம் வரும். முதல் மழையை வெளியே விட்டு, தொட்டியை மூடி வைத்து, நீரைக் காய்ச்சிக் குடிக்கவும்.
- எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) கருவி இவ்விரண்டையும் பெருமளவு குறைக்கும். சவ்வு பழுதானால் பயன் இல்லை. ஆண்டுக்கொரு முறை வெளிவரும் நீரையும் சோதிக்கவும்.

புளோரைடு நாம் இட்டதன்று. கண்டறிந்து விலக்கவே இயலும். நைட்ரேட்டோ பெரும்பாலும் நம் கையால் இட்டது. நம் கையாலேயே குறைக்கவும் இயலும். விதைக்கு முன் மண்ணைச் சோதிப்பது போல, கைக்குழந்தைக்கு ஒரு வாய் நீர் புகட்டுமுன் கிணற்றையும் சோதித்து அறிவோமாக.