கைப்பின்னல் வேலை: பொழுதுபோக்கா, பிழைப்பா?

கிராம சபைக் கூட்டங்களில் சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிய பேச்சு ஓய்ந்த பிறகு, பெண்மக்கள் பக்கத்திலிருந்து ஒரு கோரிக்கை எழுவதுண்டு. தையல் வகுப்பு நடத்தியதுபோலக் கம்பளிப் பின்னலுக்கும் குரோஷே வேலைக்கும் ஒரு வகுப்பு வைக்கலாகாதா என்பதே அது. ஓர் ஊரில் இக்கோரிக்கை எழுந்தபோது நாமும் உடனிருந்தோம். உறுப்பினர் ஒருவர் எழுந்து, "கடைக்குப் போனால் ஸ்வெட்டர் மலிவாகக் கிடைக்கிறது. நம் ஊர் வெயிலில் அதையும் போட்டுக்கொள்வாரில்லை. இந்தக் காலத்தில் இந்த வேலை எதற்கம்மா?" என்றார். சபையில் சிரிப்பு எழுந்தது. கேட்ட அம்மையார் உட்கார்ந்துவிட்டார்.

உறுப்பினர் கேட்டது தவறன்று. ஊர்ப் பணத்தைச் செலவிட வேண்டியவர் அவ்வாறுதான் கேட்க வேண்டும். ஆனால் கேள்வி கேட்டதோடு நின்றுவிட்டார்கள். விடை தேட யாரும் முற்படவில்லை. அதைத் தேடுவதே நமது நோக்கம்.

முதலில் இவ்விரு வேலைகளும் யாவை என்று தெரிந்துகொள்வது நலம். நிட்டிங் என்பது இரண்டு நீண்ட ஊசிகளால் செய்வது. ஓர் ஊசியிலுள்ள நூற்கண்ணிகளை ஒவ்வொன்றாக மற்ற ஊசிக்கு மாற்றி, மாற்றும்போதே புதுக் கண்ணியை இழுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் பின்ன வேண்டும். வரிசை முழுவதும் திறந்த கண்ணிகளாகவே நிற்பதால், ஒன்று நழுவினாலும் கீழுள்ள வரிசைகள் ஏணிப்படிபோல அவிழ்ந்துகொண்டே போகும். குரோஷே வேலைக்கு நுனியில் கொக்கியுள்ள ஒரே ஊசி போதும். இதில் ஒவ்வொரு கண்ணியும் அப்போதைக்கப்போதே மூடப்பட்டுவிடும். பாதியில் வைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாலும் கெடுவதில்லை. குடும்பப் பெண்களிடம் நிட்டிங்கை விடக் குரோஷே மிகுதியாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நமது எண்ணம்.

நிட்டிங் நமக்குப் புதிது என்று எண்ண வேண்டாம். விவசாயிகள் உடுத்தும் பனியனைக் கழற்றி உற்றுப் பாருங்கள். வேட்டியில் காண்பதுபோலப் பாவும் ஊடையும் அதில் இரா. கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து நெடுகச் சிறு சடைபோல ஓடும். இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குவது அதனால்தான். அதே பின்னலைத் திருப்பூரில் இயந்திரங்கள் நாள்தோறும் இடைவிடாமல் செய்துகொண்டிருக்கின்றன.

இந்த இயந்திரத்தின் கதை பழையது. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589-இல் காலுறை பின்னும் பொறியை அமைத்தார். கையால் பின்னிப் பிழைப்போர் வேலையிழந்து பிச்சையெடுக்க நேரும் என்று அஞ்சி எலிசபெத் ராணியார் அவருக்கு உரிமை வழங்க மறுத்தார் என்று சொல்வார்கள். ராணியார் தடுத்தும் பொறி நிற்கவில்லை. ஆகையால் கடையில் விற்கும் ஸ்வெட்டரோடு விலையில் போட்டியிட எண்ணிக் கையால் பின்னுவது வீண். உறுப்பினர் சொன்னதில் இந்தப் பாதி முற்றிலும் உண்மை.

குரோஷே விஷயம் வேறு. கொக்கி ஊசியால் கை செய்வதை அப்படியே செய்யும் இயந்திரம் ஆலைகளில் இன்றுவரை வழக்கத்திற்கு வரவில்லை. தோற்றத்தில் அதுபோன்ற லேஸ்களை இயந்திரங்கள் செய்கின்றன. எனினும் அவை வேறு வகைப் பின்னல். இதிலிருந்து ஒன்றை நாம் ஊகிக்கலாம். உண்மையான குரோஷே விரிப்பு ஒன்று கடையில் மிக மலிவாக விற்குமானால், எங்கோ ஒரு பெண்ணின் கைக்கு உரிய கூலி கிடைக்கவில்லை என்பதே பொருள்.

நம் ஆட்டு உரோமத்தைக் கொண்டே கம்பளி பின்னலாமே என்று விவசாயிகள் கேட்கக்கூடும். மேச்சேரி முதலிய நமது செம்மறிகள் இறைச்சிக்கும் தோலுக்கும் பெயர் பெற்றவை. அவற்றின் உரோமம் பின்னல் நூலுக்கு ஏற்றதன்று. மெல்லிய கம்பளி தருவது நீலகிரிச் செம்மறி. அவ்வினம் மிகவும் குறுகிப்போய், உதகைக்கு அருகே சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் காக்கப்பட்டு வருகிறது. கடைகளில் உல்லன் என்று விற்கும் நூலில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. அது எளிதில் தீப்பற்றி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அடுப்பருகே தவழும் குழந்தைக்கு அதில் சட்டை பின்னுவது கூடாது. சமவெளி மக்களுக்கு உகந்தது பருத்தி நூலே.

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். நூல் வேலையால் வாழ்வு மாறியதுண்டா? உண்டு, நமது மண்ணிலேயே உண்டு. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா அம்மையார், அதையடுத்த சில ஆண்டுகளுக்குள் தமது பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அது குரோஷே அன்று. திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் வேலை. அக்காலத் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. 1855-இல்தான் அது ஒழிந்தது. பள்ளியில் பயின்ற அடிமைப் பெண்கள் சிலர் லேஸ் வேலையில் ஈட்டிய பணத்தைக் கொடுத்தே தங்கள் விடுதலையைப் பெற்றனர். அவருடைய மகள் எலிசா, கால்டுவெல் ஐயரை மணந்து, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் இவ்வேலையைப் பரப்பினார். அயர்லாந்திலும் இதற்கு ஒப்பானதொன்று நடந்தது. 1845-இல் தொடங்கி உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பெரும் பஞ்சம் வந்தபோது, குரோஷே லேஸ் வேலை பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது.

இவற்றைக் கேட்டு உடனே வகுப்பைத் தொடங்கிவிடலாம் என்று தோன்றும். சற்றுப் பொறுத்து, ஆந்திரத்தின் நரசாபுரத்தையும் பார்த்துவிட வேண்டும்.

மேற்குக் கோதாவரி மாவட்டத்திலுள்ள அவ்வூரையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குரோஷே லேஸ் செய்து வருகிறார்கள். அவர்கள் கைவேலை கடல் கடந்து விற்பனையாகிறது. 2024-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெருமைப்பட வேண்டியதே. ஆனால் 1970-களின் பிற்பகுதியில் மரியா மீஸ் என்னும் ஜெர்மன் அம்மையார் அங்கே தங்கி ஆராய்ந்து, 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் கண்டெழுதிய நிலைமை வேறு விதமாக இருந்தது. வீட்டு வேலைகளோடு நாளொன்றுக்கு ஆறு மணி முதல் எட்டு மணி நேரம் வரை லேஸ் பின்னிய பெண்ணுக்குக் கிடைத்த தொகை, வயலில் கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு அரசு விதித்திருந்த குறைந்தபட்சக் கூலியில் பாதிகூட இல்லை. வியாபாரமும் ஏற்றுமதியும் ஆடவர் கையில் இருந்தன. ஒருத்தி பூக்களை மட்டும் பின்னுவாள். மற்றொருத்தி அவற்றை இணைப்பாள். முழு விரிப்பு எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பது இருவருக்கும் தெரியாது.

இது எவ்வாறு நேர்ந்தது? அவர்கள் தொழிலாளிகளாகவே கருதப்படவில்லை. "குடும்பப் பெண்கள்; ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள்" என்றே எல்லோரும் சொன்னார்கள். ஓய்வு நேரத்திற்குக் கூலி எதற்கு என்பது சொல்லாமலே விளங்கிவிட்டது. பொழுதுபோக்கு என்ற பெயர் அங்கே கூலியைக் குறைக்கும் கருவியாயிற்று. பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதை மறக்கலாகாது. நமது மகளிர் நலத் திட்டங்களிலும் 'ஓய்வு நேரத்தில் உபரி வருமானம்' என்ற தொடர் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியதை ஒட்டி வந்த மாதர் சங்கங்களிலும் அதுவே பேச்சாக இருந்தது. நாற்று நட்டு, மாட்டைக் கவனித்து, தண்ணீர் சுமந்து, சமைத்து முடித்த பெண்ணுக்கு ஓய்வு நேரம் எங்கே இருக்கிறது என்று அவளைக் கேட்டுப் பார்த்தவர் சிலரே.

ஆகவே கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒரு மேசை விரிப்பு 900 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். நூலுக்கு 250 ரூபாய் போக மிஞ்சுவது 650. பின்ன 60 மணி நேரம் ஆயிற்றென்றால் மணிக்குப் பதினொரு ரூபாய்கூடத் தேறவில்லை. இதை உங்கள் ஊர்க் களையெடுப்புக் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே பெண் நான்கு மணி நேரத்தில் ஒரு குழந்தைத் தொப்பி பின்னி, நூல் 45 ரூபாய் போக, நேரே வாங்குபவரிடம் 180 ரூபாய்க்கு விற்றால் மணிக்கு ஏறக்குறைய 34 ரூபாய் ஆகும். அதுவும் பெரிய தொகையன்று. எனினும் மூன்று மடங்கு. விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்கிடும் முறை மாறாது. பெரிய பொருள் பெருமை தரும், சிறிய பொருளே காசு தரும் என்பது இவ்வேலையின் இயல்பு. இந்நாளில் குரோஷே பொம்மைகளும் சாவிக்கொத்து அலங்காரங்களும் கைபேசி வழியே விற்பனையாவதற்கும் இதுவே காரணம்.

பிழைப்பாகக் கொண்டால் இவ்வளவு எச்சரிக்கை வேண்டும். பொழுதுபோக்காக மட்டும் கொண்டால்? அப்போது கணக்கு வேண்டியதில்லை. சீட்டாடுவோரிடம் மணிக்கு எவ்வளவு வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பின்னுகிறவளிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? 2013-இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வில், நிட்டிங் செய்வோர் 3,500-க்கு மேற்பட்டோரிடம் கேள்வி கேட்டார்கள். அடிக்கடி பின்னுவோரே மிகுந்த அமைதியும் மகிழ்ச்சியும் அடைவதாகச் சொன்னார்கள். விருப்பத்தோடு பின்னுகிறவர்களிடமே கேட்டால் வேறென்ன சொல்வார்கள் என்று நமக்கும் தோன்றுகிறது. எனினும் கூடத்தில் நாலு பேர் கூடிப் பின்னும்போது முகம் தெளிவதை நாம் கண்டிருக்கிறோம். வயதான தாய்மாரிடம் இது மிகுதி. 2016 ஜனவரி 31-இல் இந்தியா எங்குமுள்ள பெண்கள் பின்னியனுப்பிய சதுரங்களைச் சென்னையில் ஒன்றுசேர்த்து, உலகிலேயே பெரிய குரோஷே போர்வை என்று கின்னஸ் பதிவு பெற்றார்கள். அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். நமது கணக்கில் சொன்னால் இரண்டே முக்கால் ஏக்கர்! இரண்டே முக்கால் ஏக்கரை ஊசி நுனியால் கண்ணி கண்ணியாக நிரப்பியவர்களைக் கூலி கொடுத்து அழைத்துவர முடியுமா?

ஆகையால் ஊர்கள் வகுப்பு வைக்கலாம் என்பதே நமது முடிவு. ஆனால் பிழைப்பு என்று வாக்களித்து வைக்கலாகாது. ஓர் ஊரில் அவ்வாறு வாக்களித்து ஆறு மாதம் பயிற்சி தந்தார்கள், சான்றிதழ் வழங்கினார்கள், படம் எடுத்தார்கள். வாங்குவோர் யார் என்பதை மட்டும் கேட்டு வைக்கவில்லை. செய்த பொருள்கள் அலமாரியில் மஞ்சள் பூத்துப்போயின. பெண்கள் ஊசியையே வெறுத்துவிட்டார்கள். மகிழ்ச்சிக்காகக் கற்றிருந்தால் இன்றும் பின்னிக்கொண்டிருப்பார்கள்.

விற்க விரும்பும் மகளிர் குழுக்கள் முதல் நாளிலிருந்தே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பொருளுக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு நூல், என்ன விலை என்று எழுதி வந்தால் மூன்று மாதத்தில் எதை விட வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒருத்தி பூவும் மற்றொருத்தி இணைப்புமாகப் பிரித்துக்கொள்ளாமல், ஒவ்வொருத்தியும் முழுப் பொருளையும் செய்யக் கற்க வேண்டும். வியாபாரி வந்து நூலைக் கொடுத்து, செலவான நூலின் அளவுக்குக் கூலி தருகிறேன் என்றால், அதை மணிக்கணக்காக மாற்றிப் பார்த்த பின்பே சம்மதிக்க வேண்டும்.

வகுப்புக்கு வேண்டிய பொருள்கள் கொஞ்சமே: ஆளுக்கு ஒரு கொக்கி ஊசி, சற்றுத் தடித்த வெள்ளைப் பருத்தி நூல். கறுப்பு நூல் ஆரம்பத்தில் ஆகாது, கண்ணிகள் தெரியா. ஒயர் கூடை பின்னத் தெரிந்தவர்கள் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். ஆடவர் வந்தாலும் தடுக்க வேண்டியதில்லை. வலை பின்னும் மீனவர் கைக்கு இது அந்நியமான வேலையன்று. முதல் மாதம் சங்கிலிப் பின்னலும் ஒற்றைப் பின்னலும் தவிர வேறொன்றும் கற்பிக்க வேண்டாம். மாலையில் பால் ஊற்றிவிட்டு வரும் நேரமாக வகுப்பை வைத்து, நூலகக் கட்டடத்தில் நல்ல வெளிச்சமுள்ள ஒரு விளக்கைப் பஞ்சாயத்து போட்டுக் கொடுத்தால் போதும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு முதலில் கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது நல்லது. வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் கண்ணியைத் தேடித் தலைவலியோடு வீடு திரும்புகிறவர் மறுநாள் வரமாட்டார்.