மறுப்பை முதலில் படி

அன்புள்ள தங்கைக்கு,

காவலூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகத்தின் கணினிகளைக் கவனிப்பது சாதாரணப் பொறுப்பு அல்ல. வானம் தெளிந்திருக்கும் இரவில் எஸ்எஸ்எச் வழியாகச் சர்வருக்குள் யாராலும் நுழைய முடியவில்லை என்றால் எல்லோரும் உன்னைத்தான் பார்ப்பார்கள். அந்த நேரத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்ததைக் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பதிவு செய்தவர்கள் கருவிக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். ஏதாவது நின்றுபோனால் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். உங்கள் இந்திய வானியற்பியல் நிறுவனமே பின்னர் லடாக்கின் ஹான்லேயில், ஏறக்குறைய 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் தொலைநோக்கியை நிறுவி, அதைப் பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்கியது. அத்தனை தொலைவில் என்ன நடக்கிறது என்பதற்குத் திரையில் வரும் ஒரு வரிதான் சாட்சி. அந்த வரியைப் படிக்காமலே மறுபடி மறுபடி என்டர் தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று உடனே வந்தால் அது நல்ல செய்தி. எதிர்முனையிலிருந்து யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் கணினி உயிரோடு இருக்கிறது, 22ஆம் போர்ட்டில் கேட்கிற நிரல் மட்டும் ஓடவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகாதே. இன்னொரு கணினியிலிருந்தும் முயன்று பார். அங்கிருந்து நுழைய முடிந்தால், தவறான பாஸ்வேர்டைப் பலமுறை கொடுத்ததால் ஃபெயில்2பேன் போன்ற காவல் நிரல் உன் முகவரியைத் தடுத்திருக்கக்கூடும்.

‘டைம்டு அவுட்’ வேறு கதை. யாருமே பதில் சொல்லவில்லை. மின்சாரம், ஸ்விட்ச், ரூட்டர், பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கும் ஃபயர்வால் என்று உன் பக்கத்திலிருந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே போ. பிங் போகவில்லை என்பதை மட்டும் வைத்துக் கணினி செத்துவிட்டது என்று முடிவு கட்டாதே. பிங்கை மட்டும் தடுத்து வைக்கிற இடங்கள் நிறைய உண்டு.

‘பர்மிஷன் டினைடு’ வந்தால் நெட்வொர்க்கைக் குறை சொல்லாதே, நீ வாசல்வரை வந்துவிட்டாய். எத்தனையோ பேர் சாவியை மாற்றி மாற்றி உருவாக்கி ராத்திரியைத் தொலைப்பது இங்கேதான். டாட் எஸ்எஸ்எச் கோப்புறைக்கு 700, ஆதரைஸ்டு கீஸ் கோப்புக்கு 600 என்று அனுமதி இருக்கிறதா பார். ஹோம் கோப்புறையில் மற்றவர்களும் எழுதலாம் என்றிருந்தாலே சர்வர் சாவியை ஏற்காது. காரணத்தை உன் திரையில் சொல்லவும் சொல்லாது, தன் பதிவேட்டில்தான் எழுதி வைக்கும். ஆகவே சர்வர் லாகைப் படி. உன் பக்கத்தில் மைனஸ் வி-யை மூன்று முறை சேர்த்து இயக்கினால் பேச்சு எந்த வரியில் நின்றது என்பது தெரியும். சாவிப் பரிமாற்றத்தின் நடுவே அசையாமல் நின்றுவிட்டால் பாக்கெட் அளவின் வரம்பான எம்டியூவைச் சந்தேகப்படு: சிறிய பாக்கெட்டுகள் கடந்திருக்கும், பெரியது வழியில் தொலைந்திருக்கும்.

ஆய்வகங்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. கருவியோடு பிணைந்த பழைய கணினிகளை எளிதில் புதுப்பிக்க முடியாது. ஓபன்எஸ்எஸ்எச்சோ 2015இல் 7.0 பதிப்பிலும், 2021இல் 8.8 பதிப்பிலும் பலவீனமான பழைய முறைகளை ஒதுக்கிவிட்டது. நேற்றுவரை போன இணைப்பு உன் லேப்டாப்பைப் புதுப்பித்த மறுநாள் ‘நோ மேட்சிங்’ என்று நின்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். அந்த ஒரு கணினிக்கு மட்டும் பழைய முறையை அனுமதி. அவசரத்தில் எல்லாவற்றுக்கும் திறந்துவிடாதே.

சர்வரின் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை வந்தால், தன் கணினியில் அதற்காகச் சேமித்திருந்த பழைய வரியை அழித்துவிட்டு நுழைவதுதான் ஊர் வழக்கம். அதைப் பழகிக்கொள்ளாதே. 1995இல் ஃபின்லாந்தில் டாட்டு யுலோனென் எஸ்எஸ்எச்சை எழுதியதே, அவருடைய பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடிய பிறகுதான். கணினியை யாராவது மறுபடி நிறுவினார்களா, ஒரே ஐபி முகவரி இரண்டு கணினிகளுக்குப் போய்விட்டதா என்று விசாரி. கன்ஸோல் பக்கத்தில் இருப்பவரைப் போனில் அழைத்து, சர்வர் சாவியின் கைரேகை வரியைப் படிக்கச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுக்கொள்.

கடைசியாக, சர்வரின் எஸ்எஸ்எச்டி அமைப்பை மாற்றும்போது, உள்ளே இருக்கும் இணைப்பை மூடாதே. எஸ்எஸ்எச்டி மைனஸ் டி (-t) கொடுத்துப் பிழை இல்லை என்று பார்த்தபின் சேவையை மறுதொடக்கம் செய். வேறொரு ஜன்னலில் புதிதாக லாகின் ஆகிவிட்ட பிறகே பழையதை மூடு. காவலூரில் கன்ஸோல்வரை நடந்து போய்ச் சரிசெய்யலாம். ஹான்லேயில் அது முடியாது. நாளை அங்குள்ள கணினியும் உன் பொறுப்புக்கு வரலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்