வீட்டு வியாபாரத்துக்கு யூடியூப் விளம்பரம்: இறங்குறதுக்கு முன்னாடி 3 கணக்கு

முத்தாபுதுப்பேட்டைல இருந்து ஆவடி ஸ்டேஷன் வந்து, எலக்ட்ரிக் ட்ரெயின்ல அம்பத்தூர் எஸ்டேட் வேலைக்குப் போறவரா நீங்க? நாளைக்குப் பெட்டிக்குள்ள ஒரு தடவை சுத்திப் பாருங்க. பாதிப் பேர் கையில வீடியோ ஓடிட்டு இருக்கும். 2016 செப்டம்பர்ல ஜியோ வந்த பிறகு டேட்டா விலை சரிஞ்சது. அதே வருஷம் நெட்ஃபிளிக்ஸ், அமேசான் பிரைம் வீடியோ ரெண்டும் இந்தியாவுக்கு வந்துச்சு. கூட்டம் எங்கயோ, விளம்பரமும் அங்கதான்.

"அப்போ நானும் சேனல் ஆரம்பிக்கலாமா? அம்மா போடுற பொடியை விக்கலாமா?" தாராளமா. ஆனா சம்பளப் பணத்தை இறக்குறதுக்கு முன்னாடி இந்த மூணு கணக்கைப் போட்டுடுங்க.

கணக்கு 1: சேனல் வருமானம்

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துல 2018-ல ஆரம்பிச்ச வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-ல 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆச்சு. பெருமையான விஷயம். ஆனா அதை வெச்சு நம்ம பட்ஜெட் போடக் கூடாது.

வழக்கமான நீள வீடியோக்கள்ல விளம்பரப் பங்கு வேணும்னா 1,000 சந்தாதாரர்கள், 12 மாசத்துல 4,000 மணி நேரப் பார்வை வேணும். 4,000 மணி நேரம்னா 2,40,000 நிமிஷம். ஒருத்தர் சராசரியா 3 நிமிஷம் பார்த்தா 80,000 தடவை உங்க வீடியோ ஓடணும். அதுக்கப்புறம்தான் முதல் ரூபாய். அந்த விளம்பர வருமானத்துலயும் உங்களுக்கு 55 சதவீதம்தான். அதனால முதல் வருஷ சேனல் வருமானம் பூஜ்யம்னே எழுதிக்கோங்க.

கணக்கு 2: விளம்பரச் செலவு

நிஜ வாய்ப்பு இங்கதான். ஆவடியைச் சுத்தி இத்தனை கிலோமீட்டருக்குள்ள மட்டும் காட்டுன்னு கூகுள் விளம்பரத்துல சொல்ல முடியும். பார்வைக்குக் கட்டணம்ங்கிற முறையில, தாண்டிப் போகக்கூடிய விளம்பரத்தை ஒருத்தர் 30 விநாடி (விளம்பரம் அதைவிடச் சின்னதுன்னா முழுசா) பார்த்தாலோ, அதைத் தொட்டாலோதான் உங்க காசு போகும். 5 விநாடியில ஸ்கிப் பண்ணிட்டா செலவில்லை. அதனால கடைப் பேரையும் ஊரையும் அந்த முதல் 5 விநாடியிலயே சொல்லிடுங்க!

ஒரு உதாரணம். ஒரு பாக்கெட் பொடி விலை ₹120, அடக்கம் ₹80, லாபம் ₹40. மாசம் ₹1,500 விளம்பரத்துக்குப் போட்டா, கூடுதலா 38 பாக்கெட் வித்தாதான் போட்ட காசு கைக்கு வரும். "எங்களை எங்க பார்த்தீங்க?"ன்னு ஒவ்வொரு வாடிக்கையாளர்கிட்டயும் கேட்டு நோட்டுல குறிங்க. 3 மாசத்துல 38 தொடலைன்னா நிறுத்திடுங்க.

கணக்கு 3: கேமரா ஈஎம்ஐ

நான் சறுக்கின இடம் இது. சேனல் ஆரம்பிச்சப்ப மாசம் ₹4,000 ஈஎம்ஐல கேமரா வாங்கினேன். வீடியோ நின்னுபோன மாசத்துலயும் ஈஎம்ஐ நிக்கல. அவசர நிதியில கை வெச்சேன். நம்ம பொடிக் கணக்குல பாருங்க, ₹4,000-ன்னா 100 பாக்கெட். விளம்பரத்தோட சேர்த்தா 138. கையில இருக்கிற போன், ஜன்னல் வெளிச்சம், ஒரு காலர் மைக் போதும்.

கடைசியா மூணு எச்சரிக்கை

- நியமனக் கடிதத்தைப் படிங்க. வெளித் தொழிலுக்குத் தடை இருக்கலாம். நம்ம பக்கம் பாதுகாப்புத் துறையில இருக்கிறவங்க அதிகம். மத்திய அரசு ஊழியர்னா தொழில்ல இறங்க முன் அனுமதி வேணும்.
- சம்பளத்தோட தொழில் வருமானமும் வந்தா ஐடிஆர்-1 போட முடியாது.
- சாப்பாட்டுப் பொருள் விக்க எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு கட்டாயம்.

இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு வேலை: உங்க பொருளோட ஒரு பாக்கெட் லாபம் எவ்வளவுன்னு எழுதுங்க. அந்த நம்பர் தெரியாம விளம்பரத்துக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். அடுத்த வீடியோவுல சந்திப்போம்!