கொண்டை ஊசி வளைவில் ஒரு வடிகட்டி

பொறியியல் படிக்கும் பிள்ளைகள் நம் சங்கக் குடும்பங்களில் பலர் உள்ளனர். இறுதியாண்டுத் திட்டமாகச் செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பெறும் கருவி செய்வோர் அதில் மைக்ரோஸ்டிரிப் வடிகட்டி ஒன்றையும் அமைக்க வேண்டியிருக்கும். "கம்ப்யூட்டரில் சரியாக வந்தது, பலகையில் வரவில்லை" என்ற வருத்தம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. அது ஏன் என்பதை நம் ஊரை ஒட்டிய ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம்.

எதை வடிகட்டுகிறோம்?

இஸ்ரோவின் நாவிக் வழிகாட்டும் செயற்கைக்கோள்களில் முதலாவது 1.7.2013 அன்று ஏவப்பட்டது. அவற்றுக்கான தரை மையம் பெங்களூரை அடுத்த பியாலாலுவில் உள்ளது. நாவிக்கின் எல்-5 அலைவரிசைக்கு நடு அதிர்வெண் 1176.45 மெகாஹெர்ட்ஸ், அகலம் 24 மெகாஹெர்ட்ஸ். சுமார் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து வருவதால் அது மிக மெலிந்த சமிக்ஞை. தெருமுனைச் செல்போன் கோபுரமோ 900, 1800 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் உரக்க ஒலிபரப்புகிறது. கெட்டிமேளம் முழங்கும்போது காதோடு சொன்ன சேதியைக் கேட்பது போன்ற நிலை இது. வேண்டிய அதிர்வெண்ணை விட்டு மற்றதைத் தடுப்பதே வடிகட்டியின் வேலை.

நீளக் கணக்கு

அடியில் முழுச் செப்புத் தகடு, நடுவில் மின்காப்புப் பலகை, மேலே மெல்லிய செப்புப் பட்டை: இதுவே மைக்ரோஸ்டிரிப். 1952-இல் அமெரிக்காவில் அறிமுகமானது. பட்டையின் நீளம் அரை அலைநீளமானால் அந்த அதிர்வெண்ணில் அது ஒத்ததிரும். இத்தகைய பட்டைகளைத் தொடாமல் அருகருகே வைத்தால், அந்த அதிர்வெண் மட்டும் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிச் செல்லும்.

1176.45 மெகாஹெர்ட்ஸுக்கு வெற்றிடத்தில் அலைநீளம் 255 மி.மீ. எஃப்.ஆர்.4 பலகையின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 4.4. அலையின் ஒரு பகுதி காற்றிலும் செல்வதால் பயன்படும் மதிப்பு 3.3 மட்டுமே. அதன் வர்க்கமூலம் 1.82. 255-ஐ 1.82-ஆல் வகுத்தால் 140. அதில் பாதி 70 மி.மீ. மூன்று பட்டைகளைப் பாதிப் பாதி ஒட்டினாற்போல் வரிசையாக வைத்தால் வடிகட்டி 140 மி.மீ. நீண்டுவிடும். கையடக்கக் கருவியில் அதற்கு ஏது இடம்?

மடிப்பது எப்படி?

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது எதற்காக? நீண்ட பாதையைச் சிறு சரிவுக்குள் அடக்கத்தான். பட்டையையும் அப்படியே 'ப' வடிவில் மடிக்கலாம். கிறிஸ்டல், ஃபிராங்கெல் என்ற இருவர் 1972-இல் வெளியிட்ட இந்த அமைப்புக்குக் கொண்டை ஊசி வடிகட்டி என்றே பெயர். 70 மி.மீ. பட்டையின் உயரம் 35 மி.மீ.க்குள் வந்துவிடும். ஆனால் இரு கால்களையும் மிக நெருக்கக் கூடாது. அவை தமக்குள் பிணைந்து அதிர்வெண்ணை நகர்த்திவிடும்.

1980-இல் ஜப்பானியர் மாகிமோட்டோ, யமாஷிடா மற்றொரு வழியைக் காட்டினர். பட்டையின் நடுப்பகுதியைக் குறுக்கி முனைகளை அகலமாக்குவது அது. முனையின் மின்மறுப்பு நடுப்பகுதியினுடையதில் பாதியானால், 70 மி.மீ. சுமார் 55 மி.மீ. ஆகும். இன்னொரு நன்மையும் உண்டு. சாதாரணப் பட்டை இருமடங்கிலும் மும்மடங்கிலும், அதாவது 2353, 3529 மெகாஹெர்ட்ஸ்களிலும் கதவைத் திறந்துவிடும். முன்னது 4ஜி-யின் 2300–2400 பகுதியிலும் பின்னது 5ஜி-யின் 3300–3670 பகுதியிலும் விழுகின்றன! படிப்பட்டையிலோ அடுத்த கதவு சுமார் 3000-இல் திறப்பதால் இரண்டுக்கும் தப்பிக்கலாம்.

பலகை கேட்கும் விலை

எஸ்.பி. ரோடு கடைகளில் மலிவாகக் கிடைப்பது எஃப்.ஆர்.4. அதன் மாறிலி எல்லாப் பலகையிலும் ஒன்றாக இராது. 4.4 என்று கணக்கிட்டு, வாங்கியது 4.6 ஆக இருந்தால் அதிர்வெண் 2 சதவீதம், அதாவது சுமார் 23 மெகாஹெர்ட்ஸ் இறங்கும். நாவிக்கின் மொத்த அகலமே 24 அல்லவா? கம்ப்யூட்டருக்கு நாம் கொடுத்த மாறிலி மட்டுமே தெரியும். கையிலுள்ள பலகை தெரியாது.

அடுத்தது இழப்பு. எஃப்.ஆர்.4-இல் மூன்று பட்டை வடிகட்டியை 24 மெகாஹெர்ட்ஸுக்கே ஒடுக்கினால், நுழைந்த ஆற்றலில் முப்பதில் ஒரு பங்கு வெளிவந்தாலே பெரிது. அகலத்தை 120 ஆக்கினால் ஏறத்தாழப் பாதி கிடைக்கும். 23 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்தாலும் சமிக்ஞை உள்ளேயே இருக்கும். 900-உம் 1800-உம் வெளியேதான் நிற்கும். ரோஜர்ஸ் 4003 போன்ற பலகையில் மாறிலி 3.38; வித்தியாசம் 0.05-க்குள். மின்காப்பு இழப்பும் எஃப்.ஆர்.4-இல் ஏழில் ஒரு பங்குதான். விலை கூடும், பட்டையும் சற்று நீளும்.

ஆகவே மாணவர்கள் மூன்றை மனத்தில் கொள்ளட்டும். முதலில், வாங்கிய பலகையிலேயே ஒரு தனிப்பட்டையைச் செய்து ஒத்ததிர்வை அளந்து, மாறிலியைக் கண்டறிந்த பிறகு வடிகட்டியை வரைய வேண்டும். இரண்டாவது, இழப்புள்ள வடிகட்டியை ஆன்டெனாவை அடுத்து வைக்காமல், முதல் பெருக்கிக்குப் பின் வைக்க வேண்டும். இல்லையேல் மெலிந்த சமிக்ஞை இரைச்சலில் மூழ்கும். மூன்றாவது, தேவைக்கு மேல் ஒடுக்கக் கூடாது. நாவிக்கின் எஸ் அலைவரிசை வைஃபை முடியும் 2483.5 மெகாஹெர்ட்ஸிலேயே தொடங்குகிறது. அத்தனை நெருக்கத்தில் பிரிக்க மைக்ரோஸ்டிரிப் போதாது. ஒலியலை வடிகட்டிகள் வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளைகள் விலை கூடிய பலகையைக் கேட்டால் வீண்செலவு என்று கடிந்துகொள்ளாதீர்கள். "இந்தப் பலகையின் மாறிலியை அளந்தாயா?" என்று கேளுங்கள். அளந்த பிள்ளையிடம் பதில் இருக்கும்.