பதின்மூன்று கிலோபைட்டில் தமிழ்

நிரலாக்கப் போட்டி என்றாலே அது கணினித்துறை மாணவர்களுக்கு மட்டுமே என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஜேஎஸ்13கே என்ற இணையவழிப் போட்டியில் யாரும் கலந்துகொள்ளலாம். போலந்து நாட்டு நிரலர் ஆண்ட்ஷேய் மசூர் 2012-இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 13 முதல் செப்டம்பர் 13 வரை நடைபெறுகிறது.

முதன்மை விதி ஒன்றுதான். ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிய விளையாட்டைப் படம், ஒலி அனைத்தோடும் ஜிப் கோப்பாகச் சுருக்கினால் 13,312 பைட்டைத் தாண்டக்கூடாது. வேறு தளங்களிலிருந்து எதையும் தருவிக்கக்கூடாது. இணைய எழுத்துருவும் இதில் அடங்கும். பிறர் படிக்கத்தக்க மூலநிரலையும் கொடுக்க வேண்டும். கருப்பொருள் தொடக்க நாளில்தான் தெரியும். 2025-இல் அது கறுப்புப் பூனை.

இனி நமக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். மேலிருந்து விழும் எழுத்துகளைப் பிடித்துச் சொல்லாக்கும் விளையாட்டு ஒன்றை எழுதிப் பார்த்தேன். 'மெ' விழ வேண்டிய இடத்தில் 'ம' தனியாக விழுந்தது. பின்னாலேயே புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு ஒரு கொம்பு வந்தது! அறைத் தோழன் சிரித்துவிட்டு, "பேசாமல் இங்கிலீஷில் போட்டுவிடேன்டா," என்றான். உண்மையில் அன்றிரவு மாற்றியும்விட்டேன். விளையாட்டு ஓடியது, ஆனால் எனக்கு அதில் ஒன்றுமில்லை.

காரணம் எளியது. நமக்கு 'வணக்கம்' ஐந்து எழுத்து. ஒருங்குறியில் ஏழு குறியீடு. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். எனவே சொல்லைக் குறியீடு குறியீடாக வெட்டாதீர்கள். இன்ட்ல் செக்மென்டர் என்னும் கருவி உலாவியிலேயே இருக்கிறது. 2024 முதல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் இயங்குகிறது. அது எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். உங்கள் பைட்டுக் கணக்கிலும் சேராது.

அளவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். 'வணக்கம்' 21 பைட் ஆகிறது. ஆனால் முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது இரண்டில் ஒன்று. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதுதானே ஜிப்பின் வேலை?

எழுத்துருவை அனுப்ப இடமில்லை என்பதால் விளையாடுபவரின் கணினியில் உள்ளதே தோன்றும். விண்டோஸில் நிர்மலா, வேறொன்றில் வேறு. அகலம் மாறும். பொத்தானின் அகலத்தை எண்ணாக எழுதிவைக்காமல், சொல்லை அளந்த பிறகு வரையுங்கள். நண்பர்களின் கைப்பேசிகளிலும் ஓட்டிப் பாருங்கள்.

கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். முதல் வாரத்திலேயே ஒருமுறை ஜிப் செய்து எடை பாருங்கள். பெரும்பாலும் ஒலிதான் இடத்தை விழுங்கும். ஒலிக்கோப்பைச் சேர்க்காமல் நிரலாலேயே ஓசை எழுப்பப் பழகுங்கள்.